உளுந்து முளைத்த ஆடுகளம்

எங்கள் ஊர்க் கால்பந்து அணி முதல் ஆட்டத்தில் வென்ற அன்று, முடிவு விசில் ஒலித்த பிறகும் எங்கள் ஊர்க்காரர்களில் ஒருவரும் கைதட்டவில்லை. மகிழ்ச்சி இல்லாமல் அல்ல. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல்தான். தோற்றுவிட்டு வீடு திரும்புவதில் எங்களுக்கு ஒன்பது ஆண்டுப் பயிற்சி இருந்தது. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுவது, எதிர் ஊர்ப் பெரியவர்களிடம் மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசுவது, வண்டியில் ஏறியதும் நடுவரைப் பற்றித் தொடங்குவது என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெற்றிக்கென்று அப்படி எதுவும் எங்கள் கைவசம் இல்லை. வைக்கோல் கட்டுகளின் மேல் உட்கார்ந்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். தோற்ற ஊர்க்காரர்கள்தாம் முதலில் கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்து நாங்களும் தட்டினோம்.

வெற்றி தந்த கோலும் எங்கள் ஆள் அடித்ததன்று. ஆட்டம் நடந்த வயலில் அறுவடை இயந்திரத்தின் பெல்ட் அழுந்திய பள்ளத்தில் பந்து பட்டுத் திரும்பி, எதிரணிக்காரர் ஒருவரின் முழங்காலில் மோதி, அவருடைய சொந்தக் கோலுக்குள்ளேயே சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தது. அதைத் தடுக்க வேண்டியவர், இது நம் பந்துதானே என்ற எண்ணத்தில் அதை வழியனுப்பி வைத்தார். ஒன்றுக்குப் பூஜ்யம்.

குட்டியானை வண்டியில் திரும்பும்போது ஒருவரும் பாடவில்லை. என் கணவரின் தங்கை எங்கள் ஊர் ரசிகர்களில் குரல்வளம் மிக்கவள்; வழக்கமாக நடுவரின் குலம் கோத்திரத்தை ஊர் எல்லை வரை விசாரித்துக்கொண்டு வருபவள். அன்று அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். சிரித்துவிடுவோமோ என்ற பயம். ஊர் எல்லையில் எதிர்ப்பட்ட ஒருவர், என்ன ஆயிற்று என்று என் கணவரைக் கேட்டார். "ஏதோ, அவங்க கோல் போடல" என்றார் அவர். ஆட்டத்தைப் பற்றி அன்று அவர் சொன்னது அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள, எங்கள் பகுதியில் விளைச்சலைப் பற்றி மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். நெல் வீட்டுக்கு வந்து சேரும் வரை அதைப் பற்றி நல்ல வார்த்தை பேசுவது இங்கே வழக்கமில்லை. கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கும்போது மழை வந்ததைப் பார்த்தவர்கள் அதிகம். என் கணவரோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்ததில் அவருடைய சொற்களுக்கு ஓர் அளவுகோல் வகுத்து வைத்திருக்கிறேன். 'சரியில்ல' என்றால் பயிர் நடுத்தரம். 'சுமார்' என்றால் நன்றாக இருக்கிறது. 'ஏதோ இருக்கு' என்றால் பிரமாதம். 'நல்லாருக்கு' என்று அவர் சொல்லி நான் கேட்டது ஒரே முறை. வெள்ளத்தில் மூழ்கிப்போன அடுத்த வயல்காரருக்கு ஆறுதலாகச் சொன்னார். இதே மொழியைத்தான் எங்கள் ஊர் கால்பந்துக்கும் வைத்துக்கொண்டது.

போட்டியில் நான்கு ஊர்கள். அணிக்கு ஏழு பேர், ஊருக்கு இரண்டு ஆட்டம். சம்பா அறுவடை முடிந்து வயல்கள் காலியாகும் மாசி மாதத்தில் நடக்கும். வெற்றிக்கு மறுநாள் காலை, டீக்கடைக்காரர் தம் கடையின் தகரக் கதவில் சாக்பீஸால் புள்ளிப் பட்டியல் எழுதினார். மூன்று புள்ளிகளோடு எங்கள் ஊர் முதலிடத்தில் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கண் பட்டுவிடும் என்று யாரோ மெல்லச் சொல்ல, அவர் பட்டியலை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். இம்முறை, புள்ளியே இல்லாத இரண்டு ஊர்களுக்கும் கீழே, நான்காவதாக, மூன்று புள்ளிகளோடு எங்கள் ஊர் இருந்தது. எல்லாரும் நிம்மதியாக டீயைக் குடித்தார்கள். வெளியூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர், கணக்குத் தவறாக இருக்கிறதே என்று திருத்த முயன்று திட்டு வாங்கினார்.

நான் அப்போது ஊர்ப்புற நூலகத்தில் பணியில் இருந்தேன். அங்கே கால்பந்தைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்தது. பல ஆண்டுகளாக அதை எடுத்தவர் எவருமில்லை. அந்த வாரம் மூவர் தனித்தனியே வந்து, வேறெதையோ தேடுபவர்கள் போல அலமாரிகளைச் சுற்றி, கடைசியில் தற்செயலாகக் கண்ணில் பட்டதுபோல் அதைக் கேட்டார்கள். முதலில் கொண்டுபோனவர் எங்கள் கோல்கீப்பர், மின்வாரியத்தில் லைன்மேன். இரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன். படங்களில் எல்லாம் தரை சமமாக இருக்கிறது, நமக்கு உதவாது என்றார்.

தரை என்று அவர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு சங்கடம் முளைத்துவிட்டிருந்தது. உருவகமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே முளைத்திருந்தது, இரண்டு இலை விட்டிருந்தது.

போட்டியின் விதிப்படி முதல் ஆட்டத்தில் வென்ற ஊர், இரண்டாவது ஆட்டத்தைத் தன் ஊரிலேயே நடத்த வேண்டும். இடமில்லையென்றால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஆண்டும் விண்ணப்பத்தில் 'சொந்த மைதானம்' என்று ஓர் இடத்தைக் குறிப்பிட்டு, நிலத்துக்காரரின் சம்மதக் கையெழுத்தையும் வாங்கி அனுப்புவார்கள். எங்கள் ஊரில் சமதரை என்று ஒன்று இருந்தால் அது வயல்தான். பள்ளிக்கூடத்து இடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டார்கள். சாலையோரம் இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, ஒரே துண்டாக, நடுவில் வரப்பில்லாமல் கிடப்பது எங்கள் வயல் மட்டுமே. என் கணவர் ஒன்பது ஆண்டுகளாகக் கையெழுத்திட்டு வந்தார். ஒன்பது ஆண்டுகளும் நாங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். மைதானம் தேவைப்படவே இல்லை. ஆகவே அவர் ஒன்பது ஆண்டுகளும், சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்பாக, நிற்கும் நெல்லுக்குள்ளேயே ஈர மண்ணில் உளுந்தைத் தெளித்தும் வந்தார். நெல்லை அறுத்த பின் பனி ஈரத்திலேயே வளர்ந்துவிடும் பயிர் அது. இந்த ஆண்டும் ஒரே வாரத்தில் கையெழுத்தும் இட்டார், உளுந்தும் தெளித்தார். இரண்டும் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்று அவருக்கோ, கையெழுத்து வாங்கியவர்களுக்கோ, பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கோ தோன்றவில்லை. நாங்கள் ஜெயிப்போம் என்ற எண்ணமே எவருக்கும் இருக்கவில்லை.

அந்த இரண்டு மா உளுந்துதான் எங்கள் வீட்டு இட்லிக்கும் வடைக்கும் ஓராண்டுக்கு. நாத்தனாருக்கு இரண்டு மரக்கால் போகும். அதை மிதிக்கக் கொடுத்தால் அவ்வளவும் போச்சு. கொடுக்காவிட்டால் ஆட்டம் போச்சு.

முறைப்படி ஊரார் வந்து அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்பதென்றால் அடுத்த ஆட்டத்திலும் ஜெயிக்கலாம் என்று நினைப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டுமே. அவராகவே கொடுத்திருக்கலாம். கொடுப்பதென்றால் அவரும் அதையே ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படியே பன்னிரண்டு நாள்கள் ஓடின. ஆட்டத்துக்கு ஐந்து நாள்களே இருந்தன.

கேட்பதற்குப் பதிலாக ஊர் ஒரு வேலை செய்தது. எங்கள் உளுந்துக்கு நோய் கண்டுபிடிக்கத் தொடங்கியது. லைன்மேன் கம்பத்தைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கம்பம் சாலையின் மறுபக்கம் இருந்தது. வயலோரம் நின்று, இலை மஞ்சளாகத் தெரிகிறதே, தேமல் நோயோ என்று என் கணவரிடம் வருந்தினார். பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் முன்வரிசை ஆட்டக்காரர் சைக்கிளை நிறுத்தி, வேர் அழுகுவதுபோல் இருக்கிறது என்றார். வேரை அவர் எப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை. டீக்கடைக்காரருக்கு உளுந்தென்றால் வடையாகத்தான் பழக்கம்; அவரும் வந்து, இந்த ஆண்டு காய் பிடிக்காது என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். எவரிடமிருந்து என்று கேட்டதற்கு, பொதுவாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றார்.

இதில் வேடிக்கை, என் கணவர் எல்லாவற்றையும் ஆமோதித்ததுதான். வழக்கப்படி அவருக்கும் தம் பயிரைப் பற்றி நல்ல வார்த்தை வராது. ஆமாம், சரியில்லைதான் என்பார். அவர்களும், பாவம், சரியில்லைதான் என்பார்கள். சரியில்லாத பயிரை விட்டுக்கொடுப்பதில் என்ன நட்டம் என்ற அடுத்த வாக்கியத்தை இரு தரப்பும் எதிர்பார்த்து நிற்கும். அது யார் வாயிலிருந்தும் வராது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். மாலையில் வீட்டுக்கு வந்த அவரிடம், பயிர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கால் கழுவியபடி, "ஏதோ இருக்கு" என்றார். அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் வந்தாள். வழக்கமாக அடுப்படிக்கு வந்து என்னோடு பேசிவிட்டுத்தான் அண்ணனிடம் போவாள். அன்று நேராக அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒன்னு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நாம ஜெயிச்சாலும் ஜெயிப்போம்."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஒன்பது ஆண்டுகளில் அந்த வாக்கியத்தை எங்கள் ஊரில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே யாராவது இருக்கிறார்களா என்று என்னை அறியாமல் பார்த்தேன்.

"வாய வச்சிட்டியே" என்றார் அவர்.

"வச்சிட்டேன். இனிமே எடுக்க முடியாது. ஊரே உங்க உளுந்துக்கு நோவு வந்திருக்குன்னு சொல்லிகிட்டுத் திரியுது. ஒரு நோவும் இல்ல. நான் போயிப் பாத்துட்டுத்தான் வரேன். தங்கமா இருக்கு. அந்தத் தங்கத்ததான் கேக்குறேன். எனக்கு வர்ற ரெண்டு மரக்காலும் அதுலதான இருக்கு. எனக்குத் தெரியாதா?"

அவர் மோர் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, அவளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அவள் பழத்தைத் தின்றுவிட்டுப் போய்விட்டாள். அவள் துணிச்சலைக் கண்டு, வயதில் மூத்தவளும் புத்தகங்களுக்கு நடுவே வாழ்ந்தவளுமான நான் வெட்கப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். அதே வாக்கியம் ஒரு வாரமாக என் நாக்கு நுனியில் இருந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் அவரைக் காணவில்லை. கொல்லையில் நடவுக் கயிற்றையும் காணவில்லை. வயலுக்குப் போனேன். வரிசை பிடித்து நாற்று நடக் கட்டும் அந்தக் கயிற்றை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, அதை ஒட்டிச் சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டிருந்தார். கோடு செடிகளின் மேலாகவே போனது. இலைகள் வெள்ளையாகிக்கொண்டிருந்தன. பிடுங்கிவிட்டுக் கோடு போடக் கூடாதா என்று கேட்டேன். "நம்ம கையால எப்புடி பிடுங்குறது? மிதிக்கிறவங்க மிதிச்சுக்கட்டும்" என்றார். என்னிடமும் ஒரு சட்டிச் சுண்ணாம்பைக் கொடுத்தார். நடுவட்டம் நான் போட்டது. கோலம் போட்ட பழக்கத்தில் அது வட்டமாகவே வந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

மைதானம் தயார் என்று தெரிந்த பிறகும் எங்கள் அணி அதில் பயிற்சி எடுக்கவில்லை. பயிர் அநியாயமாக மிதிபடுமே என்று வாய்க்கால் கரையில் ஒற்றை வரிசையாக ஓடிப் பயின்றார்கள். பந்து நாள்தோறும் வாய்க்காலில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை எதிரணி வந்து இறங்கியது. அவர்கள் முதல் ஆட்டத்தில் இன்னோர் ஊரிடம் தோற்றவர்கள். ஏழு பேரும் விவசாயிகள். அவர்களுடைய கேப்டன் வயலின் ஓரத்தில் வந்து நின்றார். சாணுயரம் வளர்ந்து பச்சென்று நின்ற உளுந்தைப் பார்த்தார்.

"என்னங்க, பயிர் நிக்குதே?"

"ஆமா, நிக்கிது. ஆடுங்க" என்றார் என் கணவர்.

"இத எப்படிங்க மிதிக்கிறது?"

கேள்வி நியாயமானதுதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தக் கேப்டன் தம் பூட்ஸைக் கழற்றி வரப்பில் வைத்தார். நிற்கும் பயிருக்குள் செருப்புக் காலோடு இறங்குவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவரைப் பார்த்து அவர்கள் அணி முழுவதும் கழற்றியது. எங்களவர்கள் விட்டுவிடுவார்களா? பதினான்கு ஜோடி பூட்ஸ்கள் வரப்பில் வரிசையாக நின்றன. தஞ்சாவூரிலிருந்து நடுவராக வந்திருந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மட்டும் ஷூவோடு உள்ளே இறங்கினார். இரு ஊர் ரசிகர்களும் அந்த நாளில் ஒரே குரலில் பேசியது அப்போதுதான். அவரும் கழற்றினார். மற்றவர்களுக்கு வயலில் நடந்து பழக்கம். அவருக்கு அறுத்த நெல்லின் தாள்கட்டைகள் உள்ளங்காலில் குத்தின. நடுவட்டத்தில் பத்திரமான ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, ஆட்டம் முழுவதையும் அங்கே நின்றபடியே நடத்தினார்.

முதல் பாதியைக் கால்பந்து என்று சொல்வது கடினம். பதினான்கு பேர் களை எடுப்பவர்களைப் போலக் கீழே பார்த்துக்கொண்டே நடந்தார்கள். செடிக்கும் செடிக்கும் நடுவே கால் வைக்க இடம் தேடினார்கள். பந்து தாள்கட்டையில் மாட்டிக்கொண்டால், நீங்க எடுங்க, இல்ல நீங்க எடுங்க என்றார்கள். எதிரணிக்காரர் ஒருவர் சாய்ந்த செடியொன்றை நிமிர்த்தி மண் அணைத்துவிட்டுத் திரும்பியபோது ஆட்டம் அவரைக் கடந்து போய்விட்டிருந்தது. வைக்கோல் கட்டுகளின் மேலிருந்து யாரும் குறை சொல்லவில்லை. நாத்தனார்தான் பாவம், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. பால் சொசைட்டிக்காரரிடம் பந்து வந்தது. எதிரே கோல்கீப்பரைத் தவிர ஒருவரும் இல்லை. ஆனால் அவருக்கும் கோலுக்கும் நடுவே, மடையை ஒட்டிய ஈரத்தில் வயலிலேயே மிகச் செழிப்பான உளுந்து அடர்ந்து நின்றது. அவர் நின்றுவிட்டார். இடப்பக்கம் சுற்றிப் போகலாமா என்று பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பின்னாலிருந்து எதிரணியினர் மெல்ல, செடிகளைத் தாண்டித் தாண்டி நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மிதிடா."

குரல் யாருடையது என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. வீட்டில் கூப்பிட்டால் அடுத்த அறைக்கே கேட்காத குரல் அது. என் கணவர் கோட்டோரம் கழுத்து நரம்பு புடைக்க நின்றிருந்தார். "மிதிச்சிட்டுப் போடா, நான் சொல்றேன்ல."

மூன்றே எட்டு வைத்தார். நான்காவதில் பந்து கோலுக்குள் இருந்தது.

யாரும் கோலைப் பார்க்கவில்லை. எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் தோள்துண்டை எடுத்து உதறி, மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். எதிரணிக் கேப்டன் அவரிடம் வந்து, பணிவாக, ஆனால் தெளிவாகக் கேட்டார்: "அது எங்களுக்கும் சேத்துத்தானுங்களே?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? எல்லாருக்கும்தான் என்றார்.

அதன் பிறகு நடந்தது கால்பந்து. அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடுபவர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஏழு பேரும் எங்கள் கோலுக்கு முன்னாலேயே முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். லைன்மேன் மழை நாளில் கம்பத்தைப் பிடித்துக்கொள்வதுபோலப் பந்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழுந்தார், விழுந்தார். ஒன்றுதான் உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தபோது நாங்கள் யாரையும் பார்க்காமல், உடனேயே கைதட்டினோம்.

வந்தவர்கள் மோர் குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. என் கணவர் வயலுக்குள் இறங்கினார். நாத்தனாரும் நானும் பின்னாலேயே போனோம். லைன்மேனும் டீக்கடைக்காரரும் கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதி முழுக்க நாங்கள் தாக்கியே ஆடினோம் என்று டீக்கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். நடுக்கோட்டுக்கு வந்ததும் நாங்கள் மூவரும் நின்றோம்.

எங்கள் கோல் இருந்த பாதியில் ஒரு செடிகூட இல்லை. களத்துமேடு போல வெளுத்துக் கிடந்தது. எதிரணிக் கோல் இருந்த பாதி காலையில் பார்த்தது போலவே பசுமையாக நின்றது. அதன் நடுவே, மடையோரம், மூன்று காலடிகள். அவ்வளவுதான். எங்கள் தாக்குதல் முழுவதும் அந்த மூன்று காலடிகள்தாம். டீக்கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார்.

நாத்தனார் நிற்கும் செடிகளைக் கண்ணால் அளந்தாள். பாதி தப்பியிருக்கிறது, தனக்கு ஒரு மரக்காலாவது தேறும் என்றாள். குரலில் நிம்மதியும் இருந்தது, மானக்கேடும் இருந்தது. என் கணவர் பச்சைப் பாதியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு விவசாயி தப்பிப் பிழைத்த தன் பயிரை அவ்வளவு அதிருப்தியோடு பார்த்து நான் கண்டதில்லை.

"அடுத்த வருஷம் இந்தப் பக்கமும் மிதிபடணும்" என்றார். "ஒரு செடி நிக்கக் கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். லைன்மேன் கம்பத்தைத் தோளில் வைத்தபடி, வாய் பிளந்து நின்றுகொண்டிருந்தார். டீக்கடைக்காரர் வேகமாகத் தரையைப் பார்த்தார்.

"பாப்போம்" என்றார் என் கணவர், எல்லாருக்கும் கேட்கும்படி. "மொதல்ல ஆத்துல தண்ணி வரட்டும்."